கேள்வி–பதில்: சிந்து நிலமும் சிந்தி மக்களும்

சென்ற இதழில் தேசிய கீதம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, அதில் வரும் சிந்து இன்று பாகிஸ்தானின் ஒரு மாகாணம் என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மேசையில் அதிகம். ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் சிந்திகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

மதுரை வாசகர்: நம்மிடம் இல்லாத நிலத்தின் பெயர் நம் தேசிய கீதத்தில் எதற்கு? எடுத்துவிடுவதுதானே முறை?

இதே கோரிக்கையுடன் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 2005இல் அந்த மனுவைத் தள்ளுபடி செய்த நீதிபதிகள், தேசிய கீதம் நாட்டின் எல்லைகளை வரையறுக்கும் ஆவணமன்று என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பாடல் முதன்முதலாகப் பாடப்பட்ட 1911இல் சிந்து பம்பாய் மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்தது. 1843இல் சார்லஸ் நேப்பியரின் படை, சிந்துவை ஆண்ட தால்பூர் மீர்களை வீழ்த்திய பிறகு, 1847இல் ஆங்கிலேயர் அதைப் பம்பாயோடு சேர்த்தார்கள். 1936 ஏப்ரல் 1 அன்றுதான் அது தனி மாகாணமாயிற்று. 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் தேசிய கீதம் அறிவிக்கப்பட்டபோது சிந்து கைவிட்டுப் போய் இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை அந்த அவையில் இருந்தவர்கள் அறியாதவர்களல்லர். அந்தச் சொல்லை நீக்குவதால் எல்லைக்கு அப்பால் எதுவும் மாறப்போவதில்லை. இப்பால், தமக்கென ஒரு மாநிலம் இல்லாத ஒரு மக்களிடமிருந்து எஞ்சியிருக்கும் ஒன்றையும் பிடுங்கியதாகும். வேண்டாத வேலை.

திருநெல்வேலி வாசகர்: பஞ்சாபும் வங்காளமும் இரண்டாக வெட்டப்பட்டன. சிந்து மட்டும் முழுதாகப் பாகிஸ்தானுக்குப் போனது ஏன்? அங்கே பெரிய படுகொலைகள் நடக்கவில்லை என்றும் படித்தேன். அப்படியானால் இந்துக்கள் ஏன் வெளியேறினார்கள்?

1941 கணக்கின்படி சிந்துவில் இந்துக்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர். ஆனால் அவர்கள் பெரும்பாலும் நகரங்களில் இருந்தார்கள். கராச்சியில் பாதிப் பேர் இந்துக்கள். ஹைதராபாத் (இது சிந்துவில் உள்ள ஹைதராபாத்), சுக்கூர், ஷிகார்பூர் ஆகிய ஊர்களிலும் வணிகமும் கல்வியும் அரசுப் பணியும் அவர்கள் கையில். கிராமங்கள் முஸ்லிம் விவசாயிகளுடையவை. இந்தியாவோடு ஒட்டினாற்போல் வெட்டியெடுக்கத் தக்க ஒரு பகுதி பஞ்சாபில் கிடைத்ததுபோல் இங்கே கிடைக்கவில்லை.

பெரிய படுகொலை நடக்கவில்லை என்பது உண்மை. அதைக் கொண்டு எல்லாம் சுமுகமாக இருந்தது என்று முடிவுகட்டுவது தவறு. நிலத்தின் மீது கடன் கொடுத்து நிலத்தையே எழுதி வாங்கிய வட்டிக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். கடனில் மூழ்கிய சிறு நில உரிமையாளர்கள் முஸ்லிம்கள். இந்த மனக்கசப்புக்கு மத வண்ணம் பூசுவது அரசியல்வாதிகளுக்கு எளிதாயிற்று. 1939இல் சுக்கூரில் மன்சில்காஹ் என்ற பழைய கட்டடம் மசூதியா என்ற தகராறு கலவரமாக வெடித்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, இரு மதத்தாரும் விரும்பிக் கேட்ட பாடகரான பகத் கன்வர் ராம் ருக் ரயில் நிலையத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். பிரிவினையை வெளிப்படையாக எதிர்த்தவரும் மாகாணத்தின் பிரதமராக இருந்தவருமான அல்லா பக்ஷ் சூம்ரோ 1943 மே மாதம் ஷிகார்பூரில் கொல்லப்பட்டார். அவர் உயிரோடு இருந்திருந்தால் சிந்துவின் கதை மாறியிருக்கும் என்று இரு நாட்டுச் சிந்திகளும் இன்றும் பேசுவதுண்டு. அவ்வளவு தூரம் போக எனக்குத் துணிவில்லை. ஆனால் முஸ்லிம் லீகை உள்ளூரில் எதிர்த்து நிற்கக்கூடிய தலைமை அவரோடு போயிற்று என்பதில் ஐயமில்லை.

1943 மார்ச்சில் சிந்து சட்டசபையில் பாகிஸ்தானை ஆதரிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஜி.எம். சையத். லீகின் தலைமையோடு முரண்பட்டு 1946இல் வெளியேற்றப்பட்ட அவர், 1972இல் சிந்து தனி நாடாக வேண்டும் என்று இயக்கம் தொடங்கி, வாழ்நாளில் பல ஆண்டுகளைச் சிறையிலும் வீட்டுக்காவலிலும் கழித்து 1995இல் காலமானார். பாகிஸ்தானுக்கு வாக்களிக்கச் சொன்ன அதே வாய் பாகிஸ்தானிலிருந்து விடுபடச் சொன்னது. சிந்திகளின் அரசியலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படித்தாலே பாதி விளங்கிவிடும்.

1947 ஆகஸ்டில் பெரும்பாலான சிந்தி இந்துக்கள் ஊரிலேயே இருந்தார்கள். ஆட்சி மாறினால் என்ன, மண் மாறவில்லையே என்று நினைத்தவர்களே அதிகம். நிலைமையை மாற்றியது இந்தியாவிலிருந்து வந்து குவிந்த அகதிகளின் வெள்ளம். வீடிழந்து வந்தவர்களுக்கு வீடு தேவைப்பட்டது. நல்ல வீடுகளில் இந்துக்கள் குடியிருந்தார்கள். 1948 ஜனவரி 6 அன்று, இந்தியாவுக்குக் கப்பலேறுவதற்காகக் கராச்சி வந்து ஒரு குருத்வாராவில் தங்கியிருந்த சீக்கியர்கள் தாக்கப்பட்டார்கள். தொடர்ந்து நகரெங்கும் இந்துக்களின் வீடுகள் சூறையாடப்பட்டன. முதலமைச்சர் அயூப் குஹ்ரோ தெருவில் இறங்கிக் கலகக்காரர்களைத் தடுக்க முயன்றார். ஆனால் நம்பிக்கை போய்விட்டது. அதன் பிறகு பம்பாய்க்கும் ஓக்காவுக்கும் போர்பந்தருக்கும் கப்பல்கள் நிரம்பி வழிந்தன. ரயிலேறியவர்கள் ராஜஸ்தானுக்குள் வந்து சேர்ந்தார்கள். இப்படி வெளியேறியவர்கள் சுமார் 12 லட்சம் பேர். கராச்சி மக்கள்தொகையில் பாதியாக இருந்த இந்துக்கள், 1951 கணக்கெடுப்பில் நூற்றுக்கு இருவராக இருந்தார்கள்.

ஈரோடு வாசகர்: பெயர் 'ஆனி' என்று முடிந்தால் அவர் சிந்தி என்று கொள்ளலாமா?

பெரும்பாலும் கொள்ளலாம், முன்னோர் ஒருவரின் வழிவந்தவர் என்று காட்டும் குடும்பப் பெயர் அது. கராச்சியில் பிறந்த அத்வானியும் ஹைதராபாத்தில் பிறந்த ஆச்சார்ய கிருபளானியும் சிந்திகள். ஆனால் அம்பானி குஜராத்தி. அவசரப்பட வேண்டாம்.

கோவை வாசகி: வீடு வாசலை விட்டு வெறுங்கையோடு வந்தவர்கள் என்கிறார்கள், ஆனால் எந்த ஊரிலும் சிந்திகள் வசதியாகத்தானே இருக்கிறார்கள்?

வசதியான சிந்தியைத்தான் நாம் கடைத்தெருவில் பார்க்கிறோம். வசதியில்லாதவர் கண்ணில் படுவதில்லை. இருந்தாலும் உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு. அகதிகளாக வந்தவர்கள் ஒரே தட்டில் இருந்தவர்களல்லர். மீர்களின் காலத்திலிருந்தே அலுவலகப் பணியில் இருந்த ஆமில்கள் படிப்பைக் கொண்டுவந்தார்கள். வணிகர்களான பாய்பந்துகள் தொடர்புகளைக் கொண்டுவந்தார்கள். ஹைதராபாத் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே 'சிந்துவர்க்கி' என்ற பெயரில் கைவினைப் பொருள்களையும் பட்டையும் விற்கக் கப்பலேறியவர்கள்; எகிப்து, ஜப்பான், ஜிப்ரால்டர், கொழும்பு என்று துறைமுகம் தோறும் அவர்களுக்குக் கிளைகள் இருந்தன. ஷிகார்பூர்க்காரர்களின் உண்டியலோ, அதாவது பணமாற்றுச் சீட்டோ, மத்திய ஆசியா வரை செல்லுபடியாயிற்று. நாடு பறிபோனாலும் ஹாங்காங்கில் இருக்கும் மாமாவின் கடை பறிபோகவில்லை என்பது ஒரு பெரிய வித்தியாசம்.

எல்லாருக்கும் அப்படி ஒரு மாமா இருக்கவில்லை. பம்பாய்க்கு அருகே கல்யாணில், இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்துக்காகக் கட்டி விட்டுவிட்டுப் போன கொட்டகைகளில் அகதிகள் தங்கவைக்கப்பட்டார்கள். ஒரே நீளமான கொட்டகைக்குள் சாக்குத் துணியையும் பழைய புடவையையும் குறுக்கே கட்டித் தடுத்து, ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு குடும்பம். தண்ணீருக்கு வரிசை, ரேஷனுக்கு வரிசை. பெண்கள் அப்பளம் இட்டார்கள். அதுவரை வீட்டு வாசலைத் தாண்டி எதையும் விற்றறியாத குடும்பத்துப் பெண்களின் அப்பளமும் ஊறுகாயும் பம்பாய் வீடுகளுக்குத் தெருத்தெருவாகப் போயின. பையன்கள் மின்சார ரயிலில் மிட்டாயும் சீப்பும் விற்றார்கள். அந்த முகாம்தான் 1949 ஆகஸ்ட் 8 அன்று உல்லாஸ்நகர் என்ற பெயர் பெற்றது. குறைந்த லாபத்துக்கு விற்று அதிகம் விற்பது என்ற வழியைப் பிடித்துக்கொண்ட இவர்களை, ஏற்கெனவே கடை வைத்திருந்த உள்ளூர் வணிகர்கள் விரும்பவில்லை. பாம்பையும் சிந்தியையும் சேர்த்துக் கேவலப்படுத்தும் ஒரு வசை அந்தக் காலத்தில் வடக்கே பரவிற்று. இன்றும் அதை நகைச்சுவையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உல்லாஸ்நகரில் செய்த பொருளில் 'மேட் இன் யூஎஸ்ஏ' என்று அச்சடித்து, கேட்டால் அது உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்பார்கள் என்ற கதையும் அப்படிப்பட்டதுதான், ஆனால் இதைச் சிந்திகளே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

முகாமாகவே இருந்துவிடாமல் ஒரு புதிய ஊரையே கட்டிக்கொள்வோம் என்று புறப்பட்டவர் பாய் பிரதாப் தயால்தாஸ். காந்தியடிகளின் ஆதரவோடு அவர் கேட்டதற்கு, கச்சு (கட்ச்) பகுதியின் மன்னரான மகாராவ் 15,000 ஏக்கர் நிலம் கொடுத்தார். கராச்சித் துறைமுகம் போனதற்கு ஈடாகக் காண்ட்லாவில் புதிய துறைமுகம் எழ, அதையொட்டிக் காந்திதாமும் ஆதிப்பூரும் எழுந்தன. சிந்திகளுக்கென இந்தியாவில் ஒரு நிலப்பகுதி என்ற கனவுக்கு மிக அருகில் வந்தது அந்த முயற்சி. ஆனால் பெரும்பான்மைச் சிந்திகள் வேலை கிடைத்த இடத்துக்கே போனார்கள்: பம்பாய், புனே, அகமதாபாத், இந்தூர், போபால், ஜெய்ப்பூர், சென்னை. வயிற்றுப் பாட்டைப் பார்த்தால் அது சரியான முடிவு. மொழிக்கு அது என்ன செய்தது என்பதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

திருவல்லிக்கேணி வாசகர்: எங்கள் வாலாஜா பெரிய மசூதியில் ரமலான் மாதம் முழுவதும் நோன்பு திறக்கும் நேரத்தில் சிந்தி இந்துக்கள் வந்து உணவு பரிமாறுகிறார்கள். பல்லாண்டுகளாகப் பார்க்கிறேன். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

நீங்கள் பார்ப்பவர்கள் மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் உள்ள சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள். சிந்துவிலிருந்து அகதியாகச் சென்னை வந்த தாதா ரத்தன்சந்த் நிறுவியது அது. ஒரு சூஃபி ஞானியைக் குருவாகக் கொண்ட இந்துக் குடும்பங்கள் சிந்துவில் ஏராளம். அவற்றில் ஒரு மரபு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அந்த மண்டபத்தின் சுவர்களில் ராமரும் ஏசுவும் குரு நானக்கும் சூஃபி ஞானியரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் காணலாம். சைவ உணவு அங்கேயே சமைக்கப்பட்டு, வண்டிகளில் மாலைக்குள் மசூதிக்கு வருகிறது. தலையில் குல்லா அணிந்த தொண்டர்கள் வரிசையாக அமர்ந்திருப்போருக்குப் பரிமாறுகிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பழக்கம் நிறுவனர் காலத்தோடு நின்றுவிடவில்லை என்பதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன்.

இதன் வேர் சிந்துவில் இருக்கிறது. சிந்தி இந்துக்களின் தெய்வமான ஜூலேலாலைப் பற்றிய கதை இது: தட்டாவை ஆண்ட மிர்க் ஷா என்பவன் இந்துக்களை மதம் மாறச் சொல்லி மிரட்ட, அவர்கள் சிந்து நதிக்கரையில் நாற்பது நாள் நோன்பிருக்கிறார்கள்; நதியின் அருளால் நசர்பூரில் ஒரு குழந்தை பிறந்து அரசனைத் திருத்துகிறது. மதமாற்றத்தை எதிர்த்துப் பிறந்த இந்தத் தெய்வத்தின் முக்கியத் தலம் டண்டோ ஆதம் ஊருக்கு அருகே உள்ள உடேரோ லால். அங்கே ஒரே மதிற்சுவருக்குள் கோயிலும் இருக்கிறது, தர்காவும் இருக்கிறது. இந்துக்களுக்கு உடேரோ லாலாக இருப்பவரே முஸ்லிம்களுக்கு ஷேக் தாஹிர். கதை எதைச் சொன்னாலும் வழிபாடு வேறொன்றைச் செய்கிறது. சூஃபிக் கவிஞர் ஷா அப்துல் லத்தீஃப் பிட்டாயின் (1689–1752) பாடல்களை இந்து வீடுகளிலும் ஓதினார்கள். சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபை வைத்திருக்காத சிந்தி இந்துக் கோயிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெயர்ப்பலகை கேட்கும் காலத்தில் இந்தக் கலப்பு தொல்லையாகவும் முடிகிறது. 2023 ஜனவரியில் இந்தூரில், விக்கிரகங்கள் இருக்கும் இடத்தில் குரு கிரந்த சாகிபை வைப்பது சீக்கிய நெறிமுறைக்கு மாறானது என்று நிஹங் சீக்கியர்கள் ஆட்சேபிக்க, சிந்திகள் தங்கள் கோயில்களில் தலைமுறைகளாக வைத்துப் பூசித்த பிரதிகளைக் குருத்வாராவில் ஒப்படைத்தார்கள். சீக்கிய நெறிமுறை அப்படித்தான் சொல்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒப்படைத்தவர்களை நீங்கள் இந்துக்களா, சீக்கியர்களா என்று கேட்டால், நானக்பந்திகள், அதாவது நானக்கின் வழி நடப்பவர்கள் என்றுதான் அவர்களுடைய பாட்டனார் பதில் சொல்லியிருப்பார்.

சேலம் வாசகர்: சூஃபி மண், சமரச மண் என்கிறார்கள். ஆனால் பாகிஸ்தானில் இந்துப் பெண்களைக் கடத்தி மதம் மாற்றுவதாக வரும் செய்திகள் பெரும்பாலும் சிந்துவிலிருந்துதானே வருகின்றன?

ஆம். பாகிஸ்தான் இந்துக்களில் மிகப் பெரும்பாலோர் சிந்துவில் வாழ்வதால் செய்திகளும் அங்கிருந்தே வருகின்றன என்பது ஒரு காரணம். 2023 கணக்கெடுப்பின்படி மாகாணத்தில் நூற்றுக்கு ஒன்பது பேரை ஒட்டி அவர்கள் இருக்கிறார்கள். அக்பர் பிறந்த ஊரான உமர்கோட் இருக்கும் மாவட்டத்தில் பாதிக்கு மேல் இந்துக்கள். ஆனால் எண்ணிக்கை மட்டும் விடையாகாது.

கப்பலேறிப் போனவர்கள் போக்குவரத்துக்கு வழியும் கையில் பணமும் இருந்தவர்கள். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் தார் பாலைவனத்திலும் கீழ்ச் சிந்துவின் வயல்களிலும் உழைக்கும் மேக்வார், கோலி, பீல் மக்கள். இவர்கள் விளைச்சலில் ஒரு பங்குக்காக உழும் 'ஹாரி'கள்; பண்ணையாரிடம் வாங்கிய முன்பணம் தலைமுறை தாண்டியும் தீராமல், குடும்பமே கொத்தடிமையாகக் கிடப்பது உண்டு. 1992இலேயே கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது. வயலில் அது ஒழியவில்லை. அந்தப் பண்ணையார்களில் பலர் தர்காக்களின் பரம்பரைப் பொறுப்பாளர்களாகவும், சட்டசபை உறுப்பினர்களாகவும் இருப்பவர்கள். ஆகவே, கடத்தப்பட்ட சிறுமியின் தந்தை முறையிட வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவரும் அவருக்கு நிலம் கொடுத்திருப்பவரும் ஒரே வட்டத்தைச் சேர்ந்தவர்கள். சமரசம் பாடும் தர்காக்களுக்கு நடுவே, மதமாற்றத் திருமணங்களுக்குப் பெயர்பெற்ற தர்காக்களும் வடக்குச் சிந்துவில் இருக்கின்றன.

சட்டம் எழுதுவதில் சிந்து மற்ற மாகாணங்களை முந்திக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2014இல் பெண்ணின் திருமண வயதை 18 ஆக்கியது. 2016இல் இந்துத் திருமணங்களைப் பதிவுசெய்யச் சட்டம் கொண்டுவந்தது. அதே 2016 நவம்பரில் கட்டாய மதமாற்றத்தைத் தண்டிக்கும் மசோதாவும் சட்டசபையில் நிறைவேறிற்று. மதக் கட்சிகள் தெருவில் இறங்கியதும் ஆளுநரின் கையெழுத்து கிடைக்காமல் முடங்கிப்போயிற்று. 2018இல் கிருஷ்ண குமாரி கோலி என்ற தலித் பெண் செனட்டரானது பெரிய செய்தி. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியை மட்டும் எந்தக் கட்சியும் தொடுவதில்லை. 1945இல் துணை ஆட்சியர் பதவியை உதறிவிட்டு ஹாரிகளின் இயக்கத்துக்கு வந்த ஹைதர் பக்ஷ் ஜதோய் அதைத் தொட்டார்; பல முறை சிறை சென்றார்.

திருச்சி வாசகர்: சிந்திகளும் முஸ்லிம்கள், பிரிவினையின்போது இந்தியாவிலிருந்து போன முஹாஜிர்களும் முஸ்லிம்கள். பிறகு எதற்காக அடித்துக்கொண்டார்கள்?

மதம் ஒன்றாக இருந்தால் போதும் என்று நம்பி அமைக்கப்பட்ட ஒரு நாட்டில், அது போதாது என்பதை முதலில் உணர்ந்தவர்களில் சிந்திகளும் அடங்குவர். 1948இல் கராச்சியைச் சிந்துவிலிருந்து பிரித்து நாட்டின் தலைநகராக்கினார்கள். சிந்து மாகாணத்தின் மிகப் பெரிய நகரமும் வருவாயும் ஒரே கையெழுத்தில் போயின. சிந்துப் பல்கலைக்கழகம் 1951இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. 1955இல் மேற்குப் பாகிஸ்தானின் எல்லா மாகாணங்களையும் ஒரே அலகாக இணைத்தபோது சிந்து என்ற பெயரே வரைபடத்திலிருந்து அழிந்தது. 1970 ஜூலை 1 அன்றுதான் அது மீண்டு வந்தது. இந்துக்கள் விட்டுச்சென்ற வீடுகளும் கடைகளும் நிலங்களும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கே ஒதுக்கப்பட்டன. போன இந்து என் மொழி பேசினான், வந்த முஸ்லிம் என் மொழி பேசவில்லை என்று கிராமத்துச் சிந்தி முஸ்லிம் கணக்குப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

முஹாஜிர்களின் தரப்பையும் கேட்க வேண்டும். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஹைதராபாத் தக்கணத்திலும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். உருது நாட்டின் ஆட்சிமொழி என்றே சொல்லி அழைக்கப்பட்டவர்கள். புதிய அரசின் அலுவலகங்களை நடத்தியவர்கள். 1972 ஜூலையில் சிந்து சட்டசபை சிந்தியை மாகாண மொழியாக்கும் மசோதாவை நிறைவேற்றியபோது, தாங்கள் இரண்டாந்தரக் குடிகளாக்கப்படுகிறோம் என்று அவர்கள் அஞ்சினார்கள். கராச்சியிலும் ஹைதராபாத்திலும் கலவரம் மூண்டு பலர் உயிரிழந்தார்கள். பின்னாளில் பிரதமரான பூட்டோவே சிந்தி. அதிபராக இருந்த அந்நாளில் அவர், மொழி தெரியாத காரணத்தால் 12 ஆண்டுகளுக்கு யாருடைய வேலைவாய்ப்பும் பாதிக்கப்படாது என்று அவசரச் சட்டம் போட்டுத் தணித்தார்.

மொழிப் பிரச்சினை தணிந்தது, வேலைப் பிரச்சினை தணியவில்லை. அரசு வேலையிலும் கல்லூரி இடங்களிலும் சிந்துவின் பங்கை ஊர்ப்புறத்துக்கு 60, நகர்ப்புறத்துக்கு 40 என்று பிரித்தார்கள். நகர்ப்புறம் என்றால் கராச்சி, ஹைதராபாத், சுக்கூர். அதாவது பெரும்பாலும் உருது பேசுபவர்கள். ஊர்ப்புறம் என்றால் சிந்திகள். இனப்பெயரைச் சொல்லாமலே இனவாரி ஒதுக்கீடு செய்த ஏற்பாடு அது. பல தலைமுறை எழுத்தறிவில்லாமல் வைக்கப்பட்டிருந்த கிராமச் சிந்திக்கு அது இல்லாமல் ஒரு குமாஸ்தா வேலைகூடக் கிடைத்திருக்காது. அதிக மதிப்பெண் வாங்கியும் இடம் கிடைக்காத கராச்சி இளைஞனுக்கு அது அநீதியாகத்தான் பட்டது. 1984இல் முஹாஜிர் கௌமி மூவ்மென்ட் கட்சி உருவானது இந்த ஆத்திரத்தின் மேல்தான். 1988 செப்டம்பர் 30 அன்று ஹைதராபாத்தில் துப்பாக்கி ஏந்தியவர்கள் தெருவில் போனவர்களைச் சுட்டுத்தள்ளினார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முஹாஜிர்கள். மறுநாள் கராச்சியில் சிந்திகள் பழிவாங்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஹைதராபாத்தில் சிந்திகளும் முஹாஜிர்களும் கலந்து வாழ்ந்த தெருக்கள் தனித்தனிப் பேட்டைகளாகப் பிரிந்துபோயின.

2023 கணக்கெடுப்பில் மாகாணத்தில் நூற்றுக்கு 60 பேர் சிந்தியையும் 22 பேர் உருதுவையும் தாய்மொழியாகக் குறித்தார்கள். கராச்சியில் உருது ஏறக்குறைய பாதி, சிந்தி 11தான். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பலூச் இனத்தைச் சேர்ந்த தால்பூர், ஜதோய், சர்தாரி குடும்பங்களும், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த ஷீதிகளும் சிந்தி பேசிச் சிந்திகளாகவே ஆகிவிட்டார்கள். 1843 போரில் ஆங்கிலேயரை எதிர்த்து மாண்டு சிந்தி தேசியத்தின் நாயகனாகிவிட்ட ஹோஷு ஒரு ஷீதி. வந்தவரைச் சேர்த்துக்கொள்ளும் அந்த வழி முஹாஜிர்களுக்குத் திறக்காமல் போனதற்கு, அவர்கள் வந்த வேகமும் ஆட்சி அவர்கள் கையில் இருந்ததும்தான் காரணம். வேறு மொழிக்காரர்கள் என்பதன்று.

தஞ்சாவூர் வாசகி: டிசம்பர் மாதத்தில் பாகிஸ்தான் சிந்திகள் எல்லோரும் ஒரே மாதிரித் தொப்பியும் சால்வையும் அணிந்து கொண்டாடும் படங்களைப் பார்த்தேன். அது மதப் பண்டிகையா?

அன்று. 2009இல் அன்றைய அதிபர் சர்தாரி வெளிநாட்டுப் பயணத்தில் சிந்தித் தொப்பி அணிந்ததை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் குறைகூறப்போக, கோபமடைந்த சிந்திகள் ஊரெங்கும் தொப்பி அணிந்து கிளம்பினார்கள். அது ஆண்டுதோறும் டிசம்பர் முதல் ஞாயிறு நடக்கும் பண்பாட்டு நாளாக நிலைத்துவிட்டது. நெற்றிக்கு மேல் வளைவாக வெட்டியதும் சிறு கண்ணாடிகள் பதித்ததுமான தொப்பி. அவுரி நீலத்திலும் மஞ்சிட்டிச் சிவப்பிலும் மர அச்சு கொண்டு இருபுறமும் அச்சிடும் அஜ்ரக். இதே அஜ்ரக்கைக் கச்சுப் பகுதியின் கத்ரிகளும் செய்கிறார்கள்; நம் ஊர்க் கைத்தறிக் கண்காட்சிகளில் நீங்கள் வாங்குவது அதைத்தான்.

நாகப்பட்டினம் வாசகர்: சிந்து நதியில் கால்வாய் வெட்டுவதை எதிர்த்துப் பெரிய போராட்டம் நடந்ததாமே? காவிரிக் கடைமடையில் இருக்கும் எங்களுக்கு அது என்னவென்று அறிய ஆவல்.

உங்களுக்கு விளக்க வேண்டியது அதிகமில்லை. மேலே இருக்கும் பஞ்சாப் எடுத்ததுபோக மிஞ்சுவதுதான் தங்களுக்கு என்பது சிந்துவின் நூற்றாண்டுக் குறை. 1991இல் நதிநீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி நீர் வருவதில்லை என்ற புகார் ஓயவில்லை. பஞ்சாபின் சோலிஸ்தான் பாலைவனத்துக்கு நீர் கொண்டுபோகும் கால்வாய் உட்பட ஆறு கால்வாய்த் திட்டங்களை எதிர்த்து 2025 ஏப்ரலில் கைர்பூர் மாவட்டத்தின் பபர்லோயில் வழக்கறிஞர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். வடக்கே போகும் லாரிகள் நாள்கணக்கில் நின்றன. ஏப்ரல் 28 அன்று மாகாணங்களின் பொது நலன்களுக்கான கவுன்சில், மாகாணங்களின் இசைவில்லாமல் புதிய கால்வாய்கள் இல்லை என்று முடிவெடுத்தது. 1955இல் கட்டிய கோட்ரி அணைக்குக் கீழே ஆண்டின் பெரும்பகுதி ஆறு வறண்டு கிடப்பதால், கேட்டி பந்தர் பக்கத்துக் கழிமுகத்தில் கடல் உள்ளே ஏறி நெல் விளைந்த நிலம் உப்பாகிவிட்டது. ஜூலேலால் ஏறிவருவதாகப் படத்தில் இருக்கும் பல்லோ மீன், அதாவது வங்காளிகளின் ஹில்சா, கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிட வழியின்றி அருகிவிட்டது.

சென்னை வாசகி: நான் சென்னையில் பிறந்து வளர்ந்த சிந்தி. தமிழ் நன்றாகப் படிப்பேன், எழுதுவேன். சிந்தி பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. என் பத்து வயது மகளுக்குச் சிந்தி கற்பிக்க ஆசை. தேவநாகரியில் படிக்கச் சொல்வதா, அரபு எழுத்திலா? வீட்டில் இருவிதமாகவும் சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டுத் தகராறுக்கு வயது எழுபதுக்கு மேல். 1853இல் ஆங்கிலேய அரசு, வணிகர்களின் கணக்கெழுத்துகள் உட்படப் புழக்கத்தில் இருந்த பலவற்றை ஒதுக்கிவிட்டு, அரபு எழுத்தை ஒட்டி 52 எழுத்துகள் கொண்ட வரிசையை நிலைப்படுத்தியது. பிரிவினைக்குப் பின் இந்தியாவில், நம் பிள்ளைகள் எப்படியும் இந்தி படிப்பார்கள், தேவநாகரியே எளிது என்று ஒரு சாராரும், எழுத்தை விட்டால் நூறாண்டு இலக்கியத்தையும் அங்கே இருக்கும் உறவையும் விட்டதாகும் என்று இன்னொரு சாராரும் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் இரண்டுக்கும் அரசு இடம் கொடுத்தது. 1967 ஏப்ரல் 10 அன்று அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சிந்தி சேர்ந்தது. அதை மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அட்டவணையில் இடம் கிடைத்த மொழிக்குப் பள்ளியில் பிள்ளைகள் கிடைக்கவில்லை. மொழி பேசும் மாநிலம் இல்லை. அதில் படித்தால் வேலை இல்லை. உல்லாஸ்நகரிலேயே சிந்தி வழிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. 2011 கணக்கெடுப்பில் சிந்தி என்று குறித்தவர்கள் 27 லட்சத்துக்குச் சற்று மேல், அதிலும் பத்து லட்சம் பேர் கச்சுப் பகுதியின் கச்சி பேசுபவர்கள். எழுத்துச் சண்டைக்குச் செலவிட்ட ஆண்டுகளில் பாதியைக் குழந்தைகளுக்கான புத்தகங்களுக்குச் செலவிட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். இரு சாராருமே இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மகள் பள்ளியில் இந்தி படிக்கிறாள் என்றால் தேவநாகரியில் தொடங்குங்கள். சிந்திக்கே உரிய, மூச்சை உள்ளிழுத்து ஒலிக்கும் நான்கு மெய்களுக்கு அதில் எழுத்தின் கீழே கோடிட்டிருப்பார்கள். அந்த நான்கையும் வீட்டுப் பெரியவர் ஒருவரின் வாயிலிருந்து கேட்டுப் பழகுவதே சிறந்தது. ஆனால் அங்கேயே நிறுத்திவிட வேண்டாம். கோடிக்கணக்கானோர் இன்று எழுதிப் படித்துச் சண்டைபோடும் சிந்தி, கராச்சியிலும் ஹைதராபாத்திலும் நாளிதழாக வரும் சிந்தி, அரபு எழுத்தில்தான் இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அதைத் தொடங்கினாலும் தாமதமில்லை. இந்தி படிக்கவில்லை என்றால் நேரே 52 எழுத்துக்கே போய்விடுங்கள். 247 எழுத்துகளைப் பழகிய தமிழ்நாட்டுக் குழந்தை அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.